ஜிம்மியும் யாழ்தேவியும்: குரைப்பின் ஒரு சின்ன வரலாறு

எங்கட வீட்டு ஜிம்மிக்கும் யாழ்தேவிக்கும் தீராப் பகை. பரந்தன் ஸ்டேஷனை றெயின் நெருங்கும்போதே காது நிமிரும். பிறகு வேலி நீளத்துக்கு ஓட்டமும் குரைப்பும்தான். றெயின் போய்விடும். தான்தான் துரத்திவிட்டேன் என்ற பெருமையோடு ஜிம்மி திரும்பி வரும். மோட்டார் சைக்கிள், ஐஸ்கிறீம் வான், ரியூசன் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் இதே மரியாதைதான். பக்கத்து வீட்டில் ஓ.எல். படிக்கிற தங்கச்சி முறைப்பட்ட பிறகுதான் இதை நிறுத்தப் பழக்குவம் என்று வெளிக்கிட்டோம்.

அம்மம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "குலைக்காத நாய் என்னத்துக்கு?" என்றா.

கேள்வி நியாயமானது. ஓநாய் குறைவாகத்தான் குரைக்கும். மனிதரோடு வாழ வந்த நாய்தான் இவ்வளவு குரைக்கிறது, அதை நாங்களும் விரும்பி வளர்த்தோம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. இறந்த வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டுச் சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முன்னரே வெளியாளை எதிர்த்த நாய்க்குக் கல் நட்ட சமூகம் இது.

வன்னியிலும் அப்படித்தான். இரணைமடுக் குளத்தை நம்பிக் காடு வெட்டிக் குடியேறினவர்களுக்கு நாய்தான் இராக்காவல். வயலுக்குள் பன்றி இறங்கினாலும் யானை வந்தாலும் முதல் செய்தி அதனுடையது. யுத்த காலத்தில் அந்தச் செய்தியின் பொருள் மாறியது. ஒழுங்கை முனையில் ஒரு நாய் தொடங்க, அடுத்த வளவு நாய் பிடிக்க, குரைப்பு வீடு வீடாகக் கிட்ட வரும். சுற்றிவளைப்போ, ஆரேனும் ஆளைத் தேடி வருகினமோ என்று விளக்கை நூர்த்துவிட்டு இருந்ததாக அம்மம்மா சொல்லுவா. நாயின் சத்தத்தை வைத்தே பின்பக்கத்தால் வெளிக்கிடுவதா இல்லையா என்று முடிவெடுத்த இரவுகள் அவை.

2009 ஜனவரி 1 அன்று பரந்தன் இராணுவத்திடம் வீழ்ந்தது. மறுநாள் கிளிநொச்சி. அதற்கு முன்னரே சனம் முல்லைத்தீவு வீதியால் விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் நகர்ந்துவிட்டது. அம்மம்மா வீட்டு நாய் கொஞ்சத் தூரம் பின்னால் வந்து, பிறகு வளவுக்கே திரும்பிவிட்டதாம். முகாமிலிருந்து மீளக்குடியேறி வந்தபோது கூரையும் இல்லை, நாயும் இல்லை. "அண்டைக்கு இரா ஒரு நாய்ச் சத்தமும் கேக்கேல்லை. அதுதான் பயமா இருந்தது" என்பா.

ஜிம்மிக்கு இந்த வரலாறு தெரியாது. ஆனால் அது நிற்கிற வேலி இந்த வரலாற்றால் வந்தது. முந்தி எங்கட ஒழுங்கையில் கிடுகு வேலியும் பனையோலை வேலியும்தான். நாய்க்குச் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. திரும்பி வந்தபோது ஓலை எடுக்க மரம் இல்லை, முள்ளுக்கம்பிதான் அடித்தோம். இப்போது தெருவில் அசைவதெல்லாம் ஜிம்மிக்குத் தெரிகிறது. றெயினும் அப்படித்தான். 1990இல் நின்ற சேவை 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 மார்ச்சில் பரந்தனைக் கடந்து பளை வரையும் வந்தது. இடையில் இரண்டு தலைமுறை நாய்கள் றெயினைக் காணாமலே வாழ்ந்து முடிந்தன.

ஏன் குரைக்கிறது என்று விளங்கினால் வழியும் விளங்கும். குரைத்தவுடன் றெயின் போகிறது, ஆகவே குரைப்பு வெல்கிறது என்பது அதன் கணக்கு. நாங்கள் கத்தினால் வீட்டுக்காரரும் சேர்ந்து குரைக்கினம் என்று இன்னும் உசாராகும். அடித்தால் பயம் கூடும், பயம்தானே முதலில் குரைக்க வைத்தது. அதனால் முதல் வேலையாக வேலியில் நாயின் கண் மட்டத்துக்குக் கிடுகு கட்டினோம். றெயின் நேரத்துக்கு முன்னரே ஜிம்மியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தூரத்துச் சத்தம் கேட்கத் தொடங்கும்போதே ஒரு துண்டு பிஸ்கற் கொடுத்தோம். ரஷ்யாவில் பவ்லோவ் நாய்களிடம் கண்டது இதுதான்: சாப்பாட்டுக்கு முன் திரும்பத் திரும்ப வரும் ஒலி, பிறகு சாப்பாட்டையே நினைவூட்டும். கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக வேலிக்குக் கிட்டக் கொண்டுவந்தோம். சத்தம் போடாமல் நின்றால் "சரி" என்று சொல்லி உடனே ஒரு துண்டு. குரைத்தால் பேசாமல் பின்னுக்குக் கூட்டிப்போய்த் திரும்பத் தொடங்கினோம்.

இரண்டு மாதம் எடுத்தது. இப்போது றெயின் வந்தால் ஜிம்மி வேலிக்கு ஓடாது, எங்கட கையைப் பார்க்கும். ஆனால் இரவில் படலையடியில் ஆள் நின்றால் குரைக்கும். அதை நிறுத்த நாங்கள் பழக்கவில்லை. அந்த எல்லையை வைத்தது அம்மம்மாதான்.

"ரெண்டு தரம் குலைச்சாக் காணும். ஆர் எண்டு பிறகு நாங்கள் பாப்பம்."