காடும் காணியும்

காட்டை அழித்து நாடாக்குதல் பண்டை நாளில் மன்னர்க்குரிய அருஞ்செயலாகப் போற்றப்பட்டது. சோழன் கரிகாலன் அவ்வாறு செய்ததைப் பட்டினப்பாலை புகழ்ந்துரைப்பதை நம் மாணவர் நன்கறிவர். நம் காலத்திலோ காட்டை அழியாது காப்பதே நல்லரசின் கடமை எனக் கொள்ளப்படுகிறது. காலம் மாறியது, கருத்தும் மாறியது. ஆயினும் மாறாத வினா ஒன்றுண்டு. அரசு காட்டை அழிக்கப் புகுந்தாலும் சரி, காக்கப் புகுந்தாலும் சரி, அதனுள் வழிவழியாக வாழ்ந்துவரும் மக்களின் நிலை யாது என்பதே அவ்வினா.

மலாக்கா மாநிலத்தில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வினா தொலைவில் உள்ளதன்று. நம் முன்னோர் பால் வெட்டிய தோட்டங்களின் எல்லைக்கு அப்பால் தெமுவான் இனத்தாரின் சிற்றூர்கள் இருந்தன. இன்றும் சில இருக்கின்றன. அம்மக்களைப் பற்றி அரசுகள் வகுத்த கொள்கையின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதிலிருந்து நாம் பெறத்தக்க பாடம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலாக்காவின் உள்நாட்டு மக்கள்

மலாக்கா என்றவுடன் துறைமுகமும் கோட்டையும் வணிகரும் நம் நினைவிற்கு வருவது இயல்பே. வரலாற்று நூல்களும் கடற்கரையைப் பற்றியே மிகுதியாகப் பேசும். ஆயின், கடற்கரைக்குப் பின்னே விரிந்து கிடந்த அடர்காட்டிலும் மக்கள் வாழ்ந்தனர். மலாக்காவில் பிறந்த போர்த்துகீசிய அறிஞர் கொதின்யோ தெ எரேதியா 1613 ஆம் ஆண்டில் எழுதிய நூலில், உள்நாட்டுக் காடுகளில் வாழ்ந்த ‘பனுவா’ என்னும் மக்களைக் குறிப்பிடுகிறார்.

நானிங்கிலும் அதனை அடுத்த நெகிரி செம்பிலான் பகுதியிலும் குடியேறிய மினாங்கபாவ் மக்கள் இப்பூர்வகுடியினரோடு மணவுறவு கொண்டதை அந்நாட்டு மரபு இன்றும் நினைவுகூர்கிறது. பிடுவண்டா என்னும் குலம் அவ்வுறவில் தோன்றியதென்பர். சில மாவட்டங்களின் ஆட்சித் தலைவராகிய உண்டாங் பதவி அக்குலத்தார்க்கே உரியது. நிலத்தின் முதல் உரிமையாளர் யாவர் என்பதைப் பழைய மரபு மறைக்கவில்லை என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடியினரைப் பதினெட்டு இனத்தாராகப் பகுப்பர். அவருள் தெமுவான் மக்களே மலாக்காவில் வாழ்பவர். சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களிலும் அவர்கள் பரவியுள்ளனர். ஊர்த்தலைவரைப் ‘பாத்தின்’ என அழைப்பர். நெல் விளைத்தல், காட்டுப் பொருள் திரட்டல், டுரியான், பெட்டாய் முதலிய மரங்களை வளர்த்தல் ஆகியன அவர்தம் பழந்தொழில்கள். பாட்டன் நட்ட டுரியான் மரத்தின் கனியைப் பேரன் உண்பான். அம்மரம் நிற்கும் இடம் அக்குடும்பத்தின் இடம் என்பதை அண்டை அயலார் யாவரும் அறிவர். அவர்களுக்கு வேறு பட்டயம் தேவைப்படவில்லை.

1870 ஆம் ஆண்டுத் தீர்ப்பு

மரம் நட்டவனுக்கு உரிமையுண்டு என்னும் இக்கொள்கையைக் காட்டுமக்களின் வெறும் நம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. மலாக்காவில் எழுந்த ஒரு வழக்கில் ஆங்கிலேய நீதிமன்றமே அதனை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

1870 ஆம் ஆண்டில் சஹ்ரிப் என்பார் தொடுத்த வழக்கில், நீரிணைக் குடியேற்றங்களின் தலைமை நீதிபதி சர் பென்சன் மேக்ஸ்வெல் மலாக்காவின் பழைய மலாய் வழக்காற்றை விளக்கினார். மண் மன்னனுக்குரியது, ஆயினும் காட்டையும் தரிசையும் திருத்திப் பயிரிட ஒவ்வொருவனுக்கும் உரிமையுண்டு, விளைவில் பத்தில் ஒரு பங்கை அவன் மன்னனுக்குச் செலுத்த வேண்டும். நெல் நிலத்தையோ பழமரங்களையோ மூன்றாண்டு கைவிட்டால் உரிமை நீங்கும். அவ்வாறு கைவிடாத வரை, அவன் நட்ட மரங்கள் அவனுடைய உடைமையாகும். இதுவே அவர் எடுத்துரைத்த நெறியாகும்.

இந்நெறி எத்துணை நுட்பமானது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுத்தறியாத உழவனின் உழைப்பையே அஃது ஆவணமாக ஏற்றது. 1886 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மலாக்கா நில வழக்குரிமைச் சட்டம் மலாய்க் குடியானவரின் இவ்வுரிமையைப் பதிவேட்டில் ஏற்றியது. தெமுவான் வாழ்ந்த காடோ பெரும்பாலும் அரசு நிலமாகவே கொள்ளப்பட்டது. மரம் ஒன்றே, நட்டவன் வேறு என்பதால் சான்றின் மதிப்பும் வேறுபட்டது.

காப்புக் காடுகளின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகள் விரைந்து அழிந்தன. மிளகு, கம்பீர், மரவள்ளி ஆகியவற்றைப் பயிரிட்டோர் நிலத்தைச் சில ஆண்டுகளில் வறளச் செய்து, வேறிடம் பெயர்ந்தனர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் மேலாளராயிருந்த நத்தானியல் கேண்ட்லி 1883 ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை இவ்வழிவை எடுத்துக்காட்டிற்று. அதன் பயனாக மலாக்காவிலும் காப்புக் காடுகள் வரையறுக்கப்பட்டன. நோக்கம் நன்றே. நீரூற்றுகளையும் மண்வளத்தையும் காப்பதை எவரும் குறைகூற இயலாது. எனினும், அலுவலர் வரைபடத்தில் கோடிழுத்தபோது, அக்கோட்டிற்குள் ஏற்கெனவே வாழ்ந்தவரின் ஒப்புதலைப் பெறும் வழக்கம் அன்று இல்லை.

ஒருபுறம் காப்புக் காடு எழுந்தது. மறுபுறம் ரப்பர் தோட்டம் எழுந்தது. 1896 ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்னும் சீனச் செல்வர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார்; பின்னர்க் குனோங் லேடாங் மலையடியிலுள்ள ஆசகானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. அத்தகைய தோட்டங்களில் உழைக்கவே நம்மவர் கப்பலேறினர். ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் ஒழிந்தும், கங்காணி முறை 1938 வரை நீடித்தது. காப்புக் காட்டிற்கும் தோட்டத்திற்கும் இடையே தெமுவான் மக்களின் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. மலாக்காவில் இன்று எஞ்சியுள்ள நிலைத்த காப்புக் காட்டின் பரப்பு சுமார் ஐயாயிரம் ஹெக்டேர் மட்டுமே என்பதை நோக்க, அச்சுருக்கத்தின் அளவு விளங்கும்.

இருக்கலாம், ஆனால் நீக்கவும் படலாம்

1948 இல் அவசரகாலம் தொடங்கியது. காட்டினுள் இருந்த கெரில்லாப் படையினர்க்கு உணவும் செய்தியும் கிட்டாமற் செய்யும் பொருட்டுப் பூர்வகுடி மக்கள் முள்வேலி முகாம்களில் குடியேற்றப்பட்டனர். வெப்பமும் நோயும் உளச்சோர்வும் அவருள் பலரை மாய்த்தன. தவற்றை உணர்ந்த அரசு அக்கொள்கையைக் கைவிட்டு, காட்டினுள்ளேயே கோட்டைகள் அமைத்து அவர்தம் நட்பை நாடியது. அச்சூழலில் பிறந்ததே 1954 ஆம் ஆண்டுப் பூர்வகுடி மக்கள் சட்டம். பின்னர் 1974 இல் திருத்தி வெளியிடப்பட்டு, 134 ஆம் எண்ணுடைய சட்டமாக இன்றும் நடைமுறையில் உள்ளது.

இச்சட்டத்தின் பத்தாம் பிரிவு நம் பொருளுக்கு உயிர்நாடி போன்றது. காப்புக் காடாகவோ வனவிலங்குக் காப்பிடமாகவோ அறிவிக்கப்பட்ட இடத்தில் வாழும் பூர்வகுடிச் சமூகம், பிற சட்டம் யாது கூறினும், மாநில அரசு விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அங்கேயே தொடர்ந்து வாழலாம் என அப்பிரிவு கூறுகிறது. இது பெருந்தன்மையான விதியே. ஆயின், அதே பிரிவின் மற்றோர் உட்பிரிவு, அச்சமூகத்தை அவ்விடம் விட்டு நீங்குமாறு மாநில அரசு ஆணையிடலாம் என்றும் கூறுகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் மீட்டுக்கொள்ளும் அமைப்பு இது. எட்டாம் பிரிவோ, அளிக்கப்படும் குடியிருப்புரிமை எதுவும், உரிமையாளர் விரும்பும் வரை மட்டுமே இருக்கத்தக்க குடியிருப்பாளரின் உரிமைக்கு மேற்பட்டதாகாது என்கிறது.

1961 இல் கூட்டரசு வெளியிட்ட கொள்கை அறிக்கை, பூர்வகுடியினரை அவர்தம் முழு இசைவின்றி மரபுவழி நிலத்தினின்றும் பெயர்க்கலாகாது என உறுதி கூறிற்று. ஆனால் அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசின் கையில். பூர்வகுடி நலனோ கூட்டரசின் கையில். உறுதிமொழி ஓரிடத்தில், அதிகாரம் வேறிடத்தில் என்னும் இப்பிளவே பிற்கால வழக்குகள் பலவற்றிற்கு வித்தாயிற்று.

வழக்கு மன்றத்தில் பூர்வகுடியினர்

ஜொகூரின் லிங்கியு பள்ளத்தாக்கு, அணை கட்டுதற்கும் நீர்ப்பிடிப்பிற்கும் எடுக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த ஜாக்குன் மக்கள் வெளியேற நேர்ந்தது. அவருள் 52 பேர் தொடுத்த வழக்கில், மூதாதையர் காலந்தொட்டுக் காட்டில் வாழ்ந்தும் பொருள் திரட்டியும் வந்தோர்க்குப் பொதுச் சட்டத்தின்படி உரிமையுண்டு என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. 26.5 மில்லியன் வெள்ளி இழப்பீடு வழங்குமாறும் பணித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998 இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

அடுத்தது தெமுவான் மக்களின் வழக்கு. சிலாங்கூர், டிங்கில் பகுதியிலுள்ள புக்கிட் தம்போயில் ஏறத்தாழ 38 ஏக்கர் நிலம் புதிய விமான நிலையத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக 1995 இல் எடுக்கப்பட்டது. வீட்டிற்கும் பயிருக்கும் பழமரங்களுக்கும் மட்டுமே இழப்பீடு தரப்பட்டது. மண்ணிற்கு ஒன்றும் தரப்படவில்லை. மண் அவர்களுடையதன்று என்பதே அரசின் வாதம். 2002 இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றமும் 2005 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாதத்தை ஏற்கவில்லை. குடியிருப்பு நிலம் அம்மக்களுக்குரியது. மண்ணிற்கும் இழப்பீடு உண்டு எனத் தீர்ப்பாயிற்று. ஆயினும் பொருள் திரட்டத் திரிந்த பரந்த காடு அவ்வுரிமையுள் அடங்காது எனவும் கொள்ளப்பட்டது. 2010 இல் 6.5 மில்லியன் வெள்ளி இழப்பீட்டுடன் அவ்வழக்கு முடிவுற்றது.

மலாக்காவில் 1870 இல் மரம் நட்டவனின் உரிமை ஏற்கப்பட்டது. 1995 இல் மரத்திற்கு விலை கொடுத்து, அஃது ஊன்றி நின்ற மண்ணை மறுத்தனர். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவன், சட்டம் எப்போதும் முன்னேறிச் செல்வதே என எண்ணமாட்டான்.

காட்டைக் காக்க நின்ற மக்கள்

பழங்குடியினர் காட்டினுள் இருந்தால் காடு அழியும் என்பார் உளர். 2020 இல் நிகழ்ந்ததொன்று இக்கூற்றை மறுக்கும். சிலாங்கூரில் 1927 இல் ஒதுக்கப்பட்ட கோலா லங்காட் வடக்குக் காப்புக் காட்டில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 930 ஹெக்டேரைக் கட்டட மேம்பாட்டிற்காகக் காப்பு நிலையினின்றும் நீக்க முன்மொழிவு எழுந்தது. காடு காடாகவே நிலைக்க வேண்டும் என அவ்விடத்துத் தெமுவான் மக்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். சிலாங்கூர்ச் சட்டப்படி பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்னும் விதி அவர்க்குத் துணை நின்றது. எதிர்ப்பையும் மீறி அக்காட்டின் பெரும்பகுதி நீக்கப்பட்ட செய்தி 2021 இல் வெளியாயிற்று. கண்டனம் வலுக்கவே, அவ்வாண்டு செப்டம்பரில் மாநில அரசு தன் முடிவைக் கைவிட்டது. காட்டைக் காக்க வேண்டிய அரசு அதனை விடுவிக்க முனைய, காட்டில் வாழ்வோர் அதனைக் காக்க முனைந்தனர்.

மனித உரிமை ஆணையமாகிய சுஹாகாம் நாடளாவிய விசாரணை நடத்தி, 2013 இல் 18 பரிந்துரைகளை வெளியிட்டது. மரபுவழி நில உரிமையை ஏற்றல் அவற்றின் அடிப்படையாகும்.

தாயகத்தின் காணிக்காரர்

கடல் கடந்த தமிழகத்திலும் இதே வரலாறு உண்டு. பொதிகை மலைப் பகுதியில் வாழும் காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் பெயரே சிந்தனைக்குரியது. ‘காணி’ என்பது வழிவழி வரும் நில உரிமையைக் குறிக்கும் பழஞ்சொல். கல்வெட்டுகளில் பயின்று வருவது. பெயரிலேயே நிலவுரிமையைத் தாங்கிய மக்களுக்கு ஏட்டில் நிலமில்லாதிருந்தது. 1882 ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் காட்டை அரசினதாக்கியது. அவர்தம் ஊர்கள் சில 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள் அமைந்துள்ளன.

2006 இல் இந்திய நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியபோது, பழங்குடியினர்க்கு வரலாறு இழைத்த அநீதியைக் களைவதே தன் நோக்கம் என அதன் முகவுரையிலேயே வெளிப்படக் கூறியது. காப்பகத்தினின்றும் மக்களைப் பெயர்க்க வேண்டின், அவ்வூர்க் கிராம சபையின் இசைவு வேண்டும் என்றும் விதித்தது. நடைமுறையில் இடர் பல எழுந்தன. கோரிக்கை மறுக்கப்பட்டோரை வெளியேற்றுமாறு 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, அதே மாதத்தில் அதனைத் தானே நிறுத்தி வைத்தது. எனினும், உரிமையை அரசின் அருளாகக் கருதாது உரிமையாகவே ஏற்ற வகையில் அச்சட்டம் நம் நாட்டுச் சட்டத்தினும் ஒருபடி மேலானது.

நமக்குரிய பாடம்

தோட்டத் தமிழன் இவ்வரலாற்றை எங்ஙனம் நோக்குதல் தகும்? அவனும் தலைமுறை தலைமுறையாகத் தன்னுடையதல்லாத லயத்தில் வாழ்ந்தவன். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோதும் விற்கப்பட்டபோதும், கோயிலையும் பள்ளியையும் தான் நட்ட முருங்கையையும் விட்டு வெளியேறியவன். ஆதலின், உரிமையாளர் விரும்பும் வரை மட்டுமே இருத்தல் என்னும் சொற்றொடரின் கொடுமையை அவனினும் நன்குணரத்தக்கவர் சிலரே. அதே வேளையில், அவன் உழைத்த தோட்டமே தெமுவானின் காட்டைக் குறைத்தது என்னும் உண்மையையும் அவன் ஒளியாது ஏற்க வேண்டும். துன்புற்றவன் பிறர் துன்பத்திற்குத் தன்னை அறியாது கருவியாதலும் உண்டு.

காட்டைக் காப்பதும் மக்களைக் காப்பதும் ஒன்றையொன்று எதிர்ப்பன அல்ல. எல்லை வரையும் முன் அங்கு வாழ்வோரைக் கேட்டல், அவர் நட்ட மரத்தையும் புதைத்த முன்னோரையும் சான்றாக ஏற்றல், பெயர்த்தல் தவிர்க்க இயலாததாயின் மண்ணிற்கு மண் அளித்தல் ஆகிய மூன்றும் எந்த மாநில அரசிற்கும் இயலாதன அல்ல.

தமிழாசிரியர்கள் குறிஞ்சித் திணையை நடத்தும்போது மலையும் தேனும் தினையும் மட்டும் பேசி நிறுத்திவிடலாகாது. குறிஞ்சி நில மக்களை ஒத்தோர் நம் மாவட்டத்திலேயே நம் அண்டையாராக வாழ்கின்றனர் என்பதையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். தம் ஊரின் நிலம் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என வினவக் கற்ற மாணவனே வரலாறு கற்றவனாவான்.