மருந்து என்னும் ஒரு சொல்

சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மருத்துவர் எழுதித் தருவதும் மருந்து. வெடிக்குள் செலுத்துவதும் மருந்து. மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை என்று இங்கே ஒருவர் சொன்னால் அது மருத்துவமனையைக் குறிப்பதில்லை என்பதைக் குழந்தையும் அறியும். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள்முதல், வானம் பொய்த்த இந்தக் கரிசல் மண்ணுக்கு வேதியியல்தான் சோறிட்டு வந்திருக்கிறது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி, பச்சை ஒளிக்குப் பேரியம் நைட்ரேட், செவ்வொளிக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு ஆகியவற்றின் குணங்களைப் பள்ளி வாசலை மிதியாதவர்களும் கைப்பழக்கத்தால் அறிந்திருக்கிறார்கள். ஆனால் கைப்பழக்கம் எப்போதும் காப்பதில்லை. ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானே சூடேறும். அது எப்போது பற்றும் என்பதைக் கை சொல்லாது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஒரே பிற்பகலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதிப் பங்குகள் எதுவும் மறந்திருக்க முடியாது.

அந்தச் சொல்லின் மற்றொரு பொருளுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட தமிழக வேதியியலாளர் ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். விருதுநகர், சிவகாசிக் கல்லூரிகளில் வேதியியல் பயிலும் நம் பிள்ளைகளுள் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர் மிகச் சிலரே. தூத்துக்குடி இராஜகோபாலாச்சாரி கோவிந்தாச்சாரி என்பது அவரது முழுப்பெயர். 1915 ஜூலை 30இல் பிறந்தவர்.

அவர் ஆய்ந்தது ஆல்கலாய்டுகள். தாவரங்கள் தமக்குள் ஆக்கிக்கொள்ளும், நைட்ரஜன் கலந்த, பெரும்பாலும் கசப்பான பொருள்கள் இவை. சில நஞ்சு; சில மருந்து; பல, அளவைப் பொறுத்து இரண்டும். இவற்றுள் புகழ்மிக்கது கொயினா. பெரு நாட்டுச் சின்கோனா மரத்தின் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தவர்களுள் சேசு சபையார் முதன்மையானவர்கள்; அதனாலேயே 'சேசு சபையார் பட்டை' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. உரோமையில் அதைப் பரப்பியவர் கர்தினால் ஜுவான் தெ லூகோ. பட்டையிலிருந்து கொயினாவை 1820இல் பெல்லத்தியேவும் கவெந்துவும் பிரித்தெடுத்தார்கள். 1856இல் அதைச் செயற்கையாக ஆக்க முயன்ற பெர்க்கின் என்னும் இளைஞருக்குக் கொயினா கிடைக்கவில்லை. ஊதாச் சாயம் கிடைத்தது. 1860களில் நம் நீலகிரியின் தொட்டபெட்டாச் சரிவுகளில் அரசு சின்கோனாத் தோட்டம் போட்டதும் இந்தப் பட்டைக்காகவே. ஒரு பொருளைப் பிரித்தெடுப்பது வேறு, அதன் அணுக்கள் எவ்வாறு பிணைந்துள்ளன என்று அறிவது வேறு, அறிந்ததை மெய்ப்பிக்கும் வண்ணம் அதைக் கட்டி எழுப்புவது வேறு. முதற்படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே தலைமுறைகள் கழிந்துவிடக் கூடும்.

கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, அங்கேயே தே என்னும் வங்கப் பேராசிரியரிடம் ஐசோகுயினோலின் என்னும் வளையச் சேர்மங்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1946இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ரோஜர் ஆடம்சிடம் பணியாற்றினார். கிலுகிலுப்பைச் செடியின் இனமொன்றிலிருந்து கால்நடைகளைக் கொல்லும் நஞ்சைப் பிரித்து ஆராய்ந்தவர் ஆடம்ஸ். அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. சென்னைக்குத் திரும்பி, தாம் படித்த அரசுக் கல்லூரியிலேயே பேராசிரியராகவும், பின்னர் முதல்வராகவும் இருந்தார்.

எங்கோ பெருவிலும் பிரேசிலிலும் வளர்வதை அவர் தேடிப் போகவில்லை. நம் வேலிகளில் படரும் கொடி ஒன்று உண்டு, நஞ்சறுப்பான் என்பார்கள். நஞ்சை அறுப்பது என்று பெயரிலேயே நாட்டு மருத்துவரின் நம்பிக்கை இருக்கிறது. வாந்தி வருவிக்கவும் சீதபேதிக்கும் அது பயன்பட்டது. அயல்நாட்டு இப்பிகாக் வேருக்கு மாற்றாகப் பிரிட்டிஷ் மருத்துவர்களும் அதை ஏற்றார்கள். அதிலிருந்து டைலோஃபோரின் என்னும் ஆல்கலாய்டை 1935இல் இரத்தினகிரீசுவரனும் வெங்கடாசலமும் பிரித்தெடுத்திருந்தனர். அதன் உள்ளமைப்போ தெரியவில்லை. கோவிந்தாச்சாரியும் பாய், நாகராஜன், இலட்சுமிகாந்தம் முதலிய துணைவர்களும் அதைக் கையில் எடுத்தார்கள்.

அக்கால ஆய்வுமுறையை இன்றைய மாணவருக்குச் சற்று விளக்க வேண்டும். மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதை அளந்து சிதைப்பார்கள். அமிலத்தோடு காய்ச்சி, எத்தனை மெத்தாக்சித் தொகுதிகள் உதிர்கின்றன என்று எண்ணுவார்கள். ஆக்சிசனேற்றம் செய்து உடைந்த துண்டுகளைப் படிகமாக்குவார்கள். ஒவ்வொரு துண்டின் உருகுநிலையையும் முன்பே தெரிந்த பொருளோடு ஒப்பிடுவார்கள். இடிந்த வீட்டின் செங்கற்களைக் கொண்டு வீட்டின் படத்தை வரைவது போன்றது அது. படம் வரைந்த பிறகும் ஐயம் எஞ்சும். எனவே எளிய, ஐயமற்ற பொருள்களிலிருந்து தொடங்கி, படிப்படியாக அதே மூலக்கூறை ஆய்வகத்தில் கட்டுவார்கள். கட்டியதும் கொடியிலிருந்து வந்ததும் ஒன்றே என்று நிறுவினால்தான் வழக்கு முடிந்தது. தொகுப்பு வேதியியல் அந்நாளில் சாட்சியத்தின் கடைசி வாக்குமூலம். டைலோஃபோரினின் அமைப்பு 1950களின் பிற்பகுதியில் துலங்கிற்று. 1961இல் கோவிந்தாச்சாரி, இலட்சுமிகாந்தம், இராஜதுரை ஆகியோர் அதைத் தொகுத்துக் காட்டினார்கள். மறு ஆண்டே ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடியின் டைலோகிரெப்ரின் என்னும் பொருளின் அமைப்பையும் தொகுப்பையும் வெளியிட்டார்கள். அரசுக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில், வகுப்பெடுத்துக்கொண்டே செய்த வேலை இது. 1960ஆம் ஆண்டுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது அவருக்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

அதே ஆண்டுகளில் அவரும் இராஜப்பாவும் ஏழிலைப்பாலை மரப்பட்டையின் எக்கிட்டமின் என்னும் ஆல்கலாய்டோடு போராடிக்கொண்டிருந்தனர். உலகின் பல ஆய்வகங்கள் அதைச் சூழ்ந்திருந்தன. 1961இல் பெங்களூரின் மனோகரும் இராமசேஷனும் ஊடுகதிரைக் கொண்டு அதன் படிக அமைப்பை நேரே கண்டு சொன்னார்கள். ஆண்டுக்கணக்கான சிதைப்பையும் ஊகத்தையும் கருவியொன்று சுருக்கிவிடும் காலம் வந்துவிட்டது. கைவினைஞருக்கு இத்தகைய நாள் எப்போதும் சற்றுக் கசக்கும்.

1963இல் அவர் சென்னையை விட்டுப் பம்பாய்க்குச் சென்றார். கோரேகாவில் சுவிஸ் நிறுவனமான சீபா அமைத்த, அவ்வாண்டு நேரு திறந்துவைத்த ஆய்வு மையத்துக்கு அவர் இயக்குநர். சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அரசுக் கல்லூரிப் பேராசிரியர் அயல்நாட்டு நிறுவனத்துக்குப் போனதைக் குறையாகப் பார்ப்பவர்கள் இருக்கலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. அமைப்பை அறிந்தால் மட்டும் நோயாளிக்குப் பயனில்லை. மருந்தாக்குவதற்கு வேண்டிய விலங்காய்வும் நச்சாய்வும் எந்தக் கல்லூரியிலும் இல்லை. நஞ்சறுப்பான் ஆய்வில் துணைநின்ற நாகராஜனும் கோரேகாவில் பணியாற்றினார். மனச்சோர்வுக்கான நைட்ராக்சசெப்பின் என்னும் மருந்து அம்மையத்தில் உருவாகி 1982இல் விற்பனைக்கு வந்தது. அதன் வணிகப் பெயர் 'சின்டமில்'; செந்தமிழ் காதில் ஒலித்தால் பிழையில்லை.

நஞ்சறுப்பான் என்ன ஆயிற்று? தில்லியில் சிவ்புரி என்னும் மருத்துவர், ஆஸ்துமா நோயாளருக்கு அதன் இலையை ஆறு நாள் மெல்லக் கொடுத்துப் பலன் கண்டதாக 1969இல் எழுதினார். 1979இல் வெளியான மற்றோர் ஆய்வு பலனைக் காணவில்லை. டைலோகிரெப்ரினைப் புற்றுநோய்க்காக 1960களில் அமெரிக்காவில் மனிதரிடம் சோதித்தார்கள். அது நரம்பு மண்டலத்தைத் தாக்கியதால் கைவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடியொன்றிலிருந்து கோவிந்தாச்சாரியும் பார்த்தசாரதியும் 1970களின் தொடக்கத்தில் தெளிவுபடுத்திய ஆன்சிஸ்ட்ரோகிளாடின், ஒரு புதிய ஆல்கலாய்டுக் குடும்பத்துக்கே முன்னோடி. அதன் ஆப்பிரிக்க உறவு ஒன்றில் எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் பொருளை 1990களில் கண்டார்கள். அதுவும் மருந்துக்கடைக்கு வரவில்லை. இவற்றையெல்லாம் தோல்விக் கணக்கில் எழுதுவது எளிது. ஆனால் நோயாளியிடம் ஒரு பொருள் பலித்ததா, கெடுத்ததா என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்ததே, அது இன்ன பொருள் என்று ஒருவர் முன்பே நிறுவியிருந்ததால்தான்.

நம் வட்டாரத்தில் இதன் அருமை அண்மையில்தான் உறைத்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வெடிகளில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது, அதற்கு மாற்றான கலவை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்திலிருந்து வர வேண்டியிருந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மருந்து கலந்த ஊர், தன் மருந்தைப் பற்றிய விடைக்கு வடக்கே காத்திருந்தது.

கோவிந்தாச்சாரி 1975இல் சீபாவிலிருந்து ஓய்வு பெற்றார், ஓய்ந்துவிடவில்லை. சென்னைக்குத் திரும்பி, பின்னாளில் ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தில் வேம்பை எடுத்துக்கொண்டார். ஸ்பிக்கின் உரத் தொழிற்சாலை தூத்துக்குடியில் இருப்பது, அவர் பெயரின் முதலெழுத்துக்கு வாய்த்த பொருத்தம். பூச்சிகளை உண்ணவிடாமல் தடுக்கும் அசாடிராக்டின் என்னும் பொருளின் புதிய உடன்பிறப்புகள் இரண்டை, தம் எழுபத்தேழாம் வயதில், 1992இல் தம் குழுவினரோடு வெளியிட்டார். 2001 டிசம்பர் 28இல் மறைந்தார். அசாடிராக்டினைச் செயற்கையாகக் கட்டும் முயற்சியில் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்து 2007இல் வென்றது. அந்த வழி வணிகத்துக்கு ஆகாது, அத்தனை நீளம். ஆகவே வேம்புப் பூச்சிக்கொல்லிக்கு இன்றும் விதைதான் மூலம். ஆனி, ஆடியில் நம் கரிசல் ஊர்களில் பெண்கள் மரத்தடியில் குனிந்து வேப்பமுத்துப் பொறுக்கிக் காயவைத்து, எடைக்குப் போடுகிறார்கள்.