பாஸ்டன் பனிக்கட்டியும் கின்சா மதுச்சாலையும்

1806-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பாஸ்டன் நகரத்து இளம் வணிகரான பிரெடெரிக் டியூடர், குளத்தில் உறைந்து கிடந்த பனியை அறுத்துக் கப்பலில் ஏற்றி, வெயில் கொளுத்தும் மார்ட்டினிக் தீவுக்கு விற்பனைக்கு அனுப்பியபோது, ஊரார் அவரை எள்ளி நகையாடினர். அதே ஆண்டு மே மாதத்தில், நியூயார்க் மாகாணத்து ஹட்சன் என்னும் ஊரில் வெளியான ஒரு பத்திரிகை, வாசகர் ஒருவரின் வினாவுக்கு விடையாக, மதுவும் சர்க்கரையும் தண்ணீரும் கசப்புச் சாறும் சேர்ந்த பானமே காக்டெயில் என்று அச்சிட்டது. இவ்விரண்டு சம்பவங்களுக்கும் அன்று யாதொரு சம்பந்தமும் இருக்கவில்லை. ஆயினும், மதுவைக் கலந்து கொடுப்பது பிற்காலத்தில் நுட்பமான கைத்தொழிலாக வளர்ந்ததற்கு இவ்விரண்டும் ஓரிடத்தில் வந்து கூடியதே மூல காரணம் என்பது என் துணிபு. பனிக்கட்டி வராதிருந்தால், அந்த நான்கு பொருள்களின் சேர்க்கை காலை வேளையில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் கஷாயமாகவே நின்றுபோயிருக்கும்.

டியூடர் முதலில் பெருநஷ்டம் அடைந்தார். கடன்காரர்களால் சிறைக்கும் சென்றார். ஆனால் மரத்தூளில் பொதிந்தால் பனி நெடுந்தூரப் பிரயாணத்தையும் தாங்கும் என்று கண்டுகொண்ட பிறகு, அவருடைய வியாபாரத்துக்குத் தடையேதும் நிற்கவில்லை. 1833-இல் அவர் அனுப்பிய கப்பல், நான்கு மாதம் கடலில் அலைந்து, இருமுறை பூமத்திய ரேகையைக் கடந்து கல்கத்தாவை அடைந்தபோது, ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் அவருடைய பனிக்காகவே எழுந்த வட்ட வடிவக் கட்டடத்தை நாம் இன்றும் பார்க்கிறோம். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிச் சென்றதால் அது புனிதமடைந்து அவர் பெயரையே தாங்கி நிற்கிறது என்றாலும், அந்தப் பேட்டையை ஐஸ் ஹவுஸ் என்று சொல்லும் வழக்கம் சென்னைவாசிகளை விட்டுப் போகவில்லை.

பனி மலிவாகக் கிடைத்ததும் அமெரிக்க மதுச்சாலைகளின் மேடைக்குப் பின்னால் ஒரு புதிய வித்தை பிறந்தது. தூளாக்கிய பனி எதற்கு, சிறு கட்டிகள் எதற்கு, எதைக் குலுக்குவது, எதைக் கரண்டியால் கலக்குவது என்பன போன்ற நியமங்கள் உண்டாயின. குருவிடமிருந்து சிஷ்யனுக்கு வாய்மொழியாக மட்டுமே சென்றுகொண்டிருந்த அந்த நியமங்களை, 1862-இல் ஜெர்ரி தாமஸ் என்பவர் ஒரு நூலாகத் தொகுத்து வெளியிட்டார். எரியும் விஸ்கியை ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்கு நீலத் தீப்பிழம்பாக ஊற்றிக் காட்டிப் பெயர் பெற்றவர் அவர். ஆயினும் அந்தச் சாகசத்தைவிட அவருடைய புத்தகமே பெரிய காரியம் என்று நான் மதிக்கிறேன். கைகளில் மட்டும் வாழும் தொழில் அந்தக் கைகளோடு போய்விடும். எழுத்தில் ஏறிய தொழில் கடல் கடக்கும்.

அது கடந்த கடல் பசிபிக். 1859-இல் அந்நியக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்ட யோக்கஹாமாத் துறைமுகத்தில் அமெரிக்கரும் ஐரோப்பியரும் குடியேறினர். அவர்களுக்காகப் பாஸ்டன் பனியும் கப்பலேறி வந்து யானை விலைக்கு விற்றது. இந்த விலையைக் கண்டு மனம் பொறாத நாக்ககாவா காஹேய் என்னும் ஜப்பானியர், உள்நாட்டுப் பனியைக் கொண்டுவருவதென்று சங்கற்பித்து, ஓரிடத்தில் தோற்று மறுவிடத்தில் முயன்று, பலமுறை கைப்பொருளை இழந்தும் தளராமல், கடைசியில் வடக்கிலுள்ள ஹாக்கொடாத்தே நகரத்துக் கோரியோகாக்குக் கோட்டையின் அகழியில் உறைந்த பனியை 1870-ஐ ஒட்டி யோக்கஹாமாச் சந்தைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். யுத்தத்துக்காக வெட்டிய அகழி பானத்தைக் குளிர்விக்கப் பயன்பட்டது. யோக்கஹாமா நகரத்துக் கிராண்ட் ஹோட்டலில், 1890-ஐ ஒட்டி, சான் பிரான்சிஸ்கோவில் மதுச்சாலை நடத்திய லூயி எப்பிங்கர் நிர்வாகியாக வந்து அமர்ந்தார். அவர் பெயரோடு சேர்ந்து நிற்கும் ‘பாம்பூ’ என்ற பானம், ஷெர்ரியும் வெர்மூத்தும் ஆரஞ்சுக் கசப்பும் மட்டுமே கொண்ட மிக அடக்கமான கலவை. ஜப்பானின் ரசனை பின்னாளில் எந்தத் திசையில் செல்லப் போகிறது என்பதை முன்கூட்டியே உணர்த்தியதுபோல அது எனக்குத் தோன்றுகிறது.

பிறகு, பிறந்த நாட்டிலேயே அந்தத் தொழில் சட்ட விரோதமாயிற்று. 1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரை அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. மதுவிலக்கின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. தொழிலாளிகளின் கதியே நம் விஷயம். சிலர் வேறு பிழைப்புத் தேடினர். சிலர் நாட்டை விட்டுச் சென்றனர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் தேர்ச்சி பெற்ற ஹாரி கிராடக் லண்டனுக்குத் திரும்பி, சவாய் ஹோட்டலின் அமெரிக்க மதுச்சாலையில் சேர்ந்து, 1930-இல் தம் புகழ்பெற்ற தொகுப்பை வெளியிட்டார். ஹவானாவில் மது கலக்கும் கியூபா நாட்டுக் கலைஞர்கள் தமக்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர். சட்டம் நீங்கியபோது அமெரிக்காவில் மது திரும்பியது. பதின்மூன்று வருஷ இடைவெளியில் அறுபட்ட குருபரம்பரையோ அவ்வளவு எளிதில் திரும்பவில்லை. அரை நூற்றாண்டுக் காலம், புட்டியில் அடைத்த எலுமிச்சைச் சாறும், வாயில் போட்டதும் கரையும் சன்னமான பனித்துண்டுகளுமே அங்குப் பெரும்பாலான இடங்களில் ஆட்சி செய்தன.

ஜப்பானில் அத்தகைய விலக்கு ஏதும் வரவில்லை. இரண்டாம் உலக யுத்தம் நகரங்களைச் சாம்பலாக்கியதே தவிர, வித்தையை அழிக்கவில்லை. யுத்தம் முடிந்தபின் அமெரிக்க ராணுவம் டோக்கியோவில் கைப்பற்றிக்கொண்ட கட்டடங்களுள் ஒன்று டோக்கியோ கைக்கான். அதிகாரிகளுக்காக அங்கு நடந்த மதுச்சாலையில் பழகிய ஜப்பானியர் பலர் பிற்காலத்தில் அந்நகரத்தின் கின்சாப் பகுதியில் ஆசான்களாக விளங்கினர். தோல்வியின் நிழலில், வென்றவர்களுக்குப் பரிமாறும் ஊழியத்தில் கற்ற ஒன்றை இவர்கள் வென்றவர்களைவிடச் சிரத்தையோடு பேணிக் காத்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மெய்யாகவே மரியாதை மேலிடுகிறது. பின்னாளில் கைக்கானில் பயின்றவர்களுள் ஒருவரான உயேதா கசுவோ, 1997-இல் கின்சாவில் ‘டெண்டர்’ என்ற தம் சொந்த மதுச்சாலையைத் திறந்தார். மூன்று பகுதிகளாலான ஷேக்கர் என்னும் குலுக்கும் குவளையை மார்புக்கெதிரே பிடித்து, பனி நேராக மோதாமல் உள்ளே சுழன்று வரும்படி அவர் குலுக்கும் முறை உலகெங்கும் பேசப்பட்டது. நுண்ணிய காற்றுக் குமிழிகள் பானத்தில் கலந்து அதன் காரத்தை மட்டுப்படுத்துகின்றன என்பது அவர் கொள்கை. இதை ஆட்சேபித்து வாதாடியவர்களும் உண்டு. எனினும் ஒரு முழு ஆயுளை ஓர் அசைவைத் திருத்துவதிலேயே செலவிட்ட அந்த மனிதரின் நிஷ்டையை எவரும் ஆட்சேபிக்க இயலாது.

கின்சாவின் மதுச்சாலைகள் பெரும்பாலும் மாடிகளிலோ நிலவறைகளிலோ, பத்துப் பன்னிரண்டு பேர் அமரும் அளவில் ஒடுங்கியிருக்கும். அங்கு நான் கண்களை எடுக்காமல் பார்த்தது பனி செதுக்கும் வேலையைத்தான். பனிக்கட்டி ஆலையில், தண்ணீரில் இடைவிடாமல் காற்றைச் செலுத்திக்கொண்டே, சுழியத்துக்குக் கீழே 10 பாகை அளவில், இரண்டு மூன்று நாள் மெதுவாக உறைய வைப்பார்கள். அவ்வாறு 135 கிலோ எடையில் உருவாகும் பாளத்தில் அழுக்கும் குமிழியும் நடுவில் ஒதுங்கிவிட, மற்றப் பாகம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அதிலிருந்து அறுத்த துண்டை மதுச்சாலைக்காரர் சிறிது நேரம் வெளியில் வைத்திருக்கிறார். உறைபெட்டியிலிருந்து எடுத்த உடனே உளி பட்டால் அது தாறுமாறாக வெடிக்கும். மேலே ஈரம் படர்ந்து, உறைபனியின் வெண்மை மறைந்ததும், கத்தியை விளிம்பில் பதித்து ஒரு தட்டுத் தட்டுகிறார். பாளம் கோடு கிழித்ததுபோல் பிளக்கிறது. பிறகு இடது உள்ளங்கையில் அதை ஏந்தி, கூர்முனையால் மூலைகளைச் சீவி, கிண்ணத்தின் வாயளவுக்குப் பொருத்துகிறார். பெரிய கட்டி மெல்லக் கரையும். மெல்லக் கரைவதால் மதுவில் எவ்வளவு தண்ணீர் சேர வேண்டுமோ அவ்வளவு மட்டுமே சேரும். குலுக்கிய பானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பனி உருகிய நீரே என்பதை அறிந்தால், இவ்வளவு பாடும் வீண் ஆடம்பரமன்று என்பது விளங்கும். அவருக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குவளைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த இளைஞன், துணி நூலின் ஒரு பிசிறையும் விடாமல் விளக்கொளியில் தூக்கிப் பார்த்தான். விருந்தினருக்குப் பானம் கலக்கும் உரிமை இத்தகையோருக்கு வர வருஷங்கள் ஆகும்.

1999 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, நியூயார்க்கின் எல்ட்ரிட்ஜ் தெருவில் சாஷா பெட்ராஸ்கி என்னும் இளைஞர் ‘மில்க் அண்ட் ஹனி’ என்ற சிறு மதுச்சாலையைத் திறந்தார். பெயர்ப்பலகை இருக்கவில்லை, கூச்சல் கூடாது என்பன போன்ற விதிகள் இருந்தன, அளவுக் கிண்ணமில்லாமல் ஒரு துளியும் ஊற்றப்படவில்லை, பெரும் பாளங்களாக உறைய வைத்த பனியைக் கையாலேயே அறுத்தனர். அந்நகரத்திலேயே ஜப்பானியர் நடத்திவந்த ஒரு மதுச்சாலையின் அமைதியும் ஒழுங்கும் அவரை ஈர்த்திருந்தன. இஞ்சியும் தேனும் எலுமிச்சையும் புகைமணம் கொண்ட விஸ்கியும் சேர்ந்த ‘பெனிசிலின்’ என்ற பானத்தை 2005-இல் சாம் ராஸ் அங்குதான் உருவாக்கினார். இன்று பல தேசங்களில் அது பழம்பானங்களோடு சமமாக மதிக்கப்படுகிறது. பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ஒன்று, யோக்கஹாமா வழியாக, இவ்வாறு புறப்பட்ட கரைக்கே வந்தது.

வந்ததோடு அது நிற்கவுமில்லை. டோக்கியோவின் மேற்கு ஷின்ஜுக்குவில் 2013-இல் ‘பென்ஃபிடிக்’ என்ற மதுச்சாலையைத் திறந்த கயாமா ஹிரோயாசு, சைத்தாமாவிலுள்ள தம் குடும்பத்து நிலத்தில் மூலிகைகளைத் தாமே பயிரிடுகிறார். பழைய வடிப்பு நூல்களை ஆராய்ந்து, வேர்களையும் விதைகளையும் கல்வத்தில் இட்டு, விருந்தினர் கண்முன்னேயே இடித்துச் சாறெடுத்து, பிறர் புட்டியில் வாங்கும் கசப்பு மதுக்களை அவர் தம் கையால் செய்கிறார். ஹட்சன் பத்திரிகை சொன்ன நான்கு பொருள்களில் பனி இல்லை, கசப்பு உண்டு. கின்சா ஆசான்கள் இரண்டு தலைமுறைக் காலம் தண்ணீரைச் செம்மைப்படுத்தினார்கள் என்றால், கயாமா அந்தக் கசப்பைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.