ஜெர்மன் வகுப்பில் பிறந்த உரிமை

என்னைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தபோது பெரிய மாமா ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லையாம். "பையனோட எதிர்காலத்தையே கெடுக்கிறீங்க" என்பது அவர் கோபம். அப்பா சொன்னது இவ்வளவுதான்: "எம்புள்ளைக்கு நான்தான் முடிவெடுப்பேன்." அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் எவ்வளவு எடை என்று நான் யோசித்ததே இல்லை, டென்னசி வழக்கைப் படிக்கும்வரை.

டென்னசி, அமெரிக்காவின் தென்பகுதி மாநிலம். 2023இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 18 வயது நிரம்பாத திருநர் பிள்ளைகளுக்குப் பாலின மாற்றத்துக்காகப் பருவத்தைத் தள்ளிப்போடும் மருந்தோ ஹார்மோனோ கொடுக்கக் கூடாது. அறுவை சிகிச்சையும் கூடாது. அதே மருந்தை, வயதுக்கு முன்பே பருவமடையும் குழந்தைக்குக் கொடுக்கலாம். மூன்று குடும்பங்கள் வழக்குப் போட்டன. பிள்ளை கேட்கிறது, மருத்துவர் பரிந்துரைக்கிறார், நாங்கள் சம்மதிக்கிறோம், நடுவில் அரசுக்கு என்ன வேலை என்பது பெற்றோரின் வாதம்.

இந்த வாதத்தின் வேர் ஒரு மொழி வகுப்பில் இருக்கிறது. முதல் உலகப் போரின் வெறுப்பு ஆறாத 1919இல், எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைகளுக்கு அந்நிய மொழி கற்பிக்கக் கூடாது என்று நெப்ராஸ்கா மாநிலம் தடை போட்டது. 10 வயதுப் பையனுக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம். 1923இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிள்ளையின் கல்வியைத் தீர்மானிக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்றது. 1979இல் இன்னொரு வழக்கில் அந்த உரிமை மருத்துவ முடிவுகளுக்கும் நீண்டது.

சட்டத்தை ஆதரித்த பெற்றோரும் இருந்தார்கள். 14 வயதில் எடுத்த முடிவை 30 வயதில் திருப்ப முடியுமா என்ற அவர்களின் பயத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. அவர்களுக்கும் ஒரு பழைய தீர்ப்பு உண்டு. 9 வயதுச் சிறுமியைத் தெருவில் மதப் பத்திரிகை விற்க அழைத்துப்போன பாதுகாவலர் 1944இல் தோற்றார். பிள்ளையின் நலனுக்காக அரசு குறுக்கிடலாம் என்றது அதே உச்ச நீதிமன்றம்.

டென்னசி பெற்றோரின் உரிமை வாதத்தை 2023 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமோ சமத்துவக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டது; பெற்றோர் உரிமையைத் தொடவே இல்லை. 2025 ஜூன் 18, ஆறுக்கு மூன்று, சட்டம் நிலைத்தது. ஒன்பதே நாளில் இன்னொரு தீர்ப்பு. திருநர், தன்பாலீர்ப்பாளர் வரும் கதைப்புத்தகப் பாடங்களிலிருந்து பிள்ளைகளை விலக்கிக்கொள்ள மேரிலாந்து பெற்றோர் கேட்டார்கள். அதே ஆறுக்கு மூன்றில் ஜெயித்தார்கள். அது மதச் சுதந்திர வழக்கு, சட்டப்படி வேறு. ஆனாலும் ஒரே மாதத்தில் ஒரு வீட்டுப் பெற்றோரின் குரல் கேட்கப்பட்டது, இன்னொரு வீட்டுக் குரல் கேள்வியாகக்கூட எடுக்கப்படவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். கீரை உருவிக்கொண்டே கேட்டார்.

"பெத்தவங்க எல்லாரும் சரியா முடிவெடுப்பாங்கன்னு இல்லடா. ஒன்னய தமிழ்ப்பள்ளியில போட்டது சரியான்னு எங்களுக்கே அப்பத் தெரியாது. ஆனா தப்பாப் போயிருந்தா ஒங்கூட ராத்திரி முழிச்சிருக்கப் போறது யாரு, பெரிய மாமாவா?"