பிக் பிளைண்ட்: விட்டுக்கொடுக்காத கணக்கின் கதை

சீட்டாட்டத்துக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

போக்கரில் 'பிக் பிளைண்ட்' இடத்தில் இருப்பவர் சீட்டைப் பார்க்கும் முன்பே பணம் கட்ட வேண்டும். அது 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஸ்மால் பிளைண்ட் அரை ரூபாய். இன்னொருவர் இரண்டரை ரூபாயாக ஏற்றுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

"என் 1 ரூபாய் உள்ளே கிடக்கிறதே" என்று தொடர்ந்தால் தப்பு. காஸ்டிங் வகுப்பில் படித்த சங்க் காஸ்ட் அது. போனது போனதுதான். ஆனால் நல்ல சீட்டு வந்தால் மட்டுமே தொடர்வதும் தப்பு! ஏற்றியவர் ஒன்றரை ரூபாயைப் பிடிக்க இரண்டரை போடுகிறார். நூற்றுக்கு 62.5 தடவைக்கு மேல் இரண்டு பிளைண்டும் விலகினால், கையில் என்ன சீட்டு இருந்தாலும் அவருக்கு லாபம்.

அப்படியானால் எவ்வளவு எதிர்ப்பது? வழி காட்டியவர்கள் கணிதக்காரர்கள். 1944-ல் ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னும் எழுதிய புத்தகம், பிளஃப் என்பது முகபாவனை வித்தை அல்ல, கணக்கு என்று காட்டியது. 1950-ல் ஹரால்ட் கூன் ஜாக், குயின், கிங் என்று மூன்றே சீட்டில் ஒரு குட்டிப் போக்கர் செய்தார். முதல் ஆள் பந்தயம் கட்டினால், இரண்டாவது ஆள் கிங்கோடு எப்போதும் தொடர வேண்டும், ஜாக்கோடு விலக வேண்டும். குயினோடு? மூன்றில் ஒரு தடவை தொடர வேண்டும்! இந்தத் திட்டம் முழுதும் தெரிந்தாலும் எதிராளியால் அதை வைத்துக் கூடுதலாகச் சம்பாதிக்க முடியாது. சமநிலை ரேஞ்ச் என்பதன் விதை இதுதான்.

ஆட்டக்காரர்கள் இதைப் பரவலாகக் கவனிக்க அரை நூற்றாண்டு ஆனது. 2003 உலகப் போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் என்ற அக்கவுண்டன்ட் (நம்ம துறைதான்!) 25 லட்சம் டாலர் ஜெயித்ததும் கூட்டம் குவிந்தது. 2015-ல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் செஃபியஸ், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம்மைக் கிட்டத்தட்ட முழுதாகத் தீர்த்தது. 2017-ல் லிப்ராட்டஸ் என்ற நிரல் 1,20,000 ஆட்டங்களில் 4 தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது.

அதனால்தான் இன்று பிக் பிளைண்டில் இரண்டு ஏஸோடு திருப்பி ஏற்றுபவர், இரண்டும் இஸ்பேடாக வந்த ஏஸ்-ஐந்தோடும் சில நேரம் அப்படியே ஏற்றுகிறார். நடுத்தரச் சீட்டுகளோடு சும்மா தொடர்கிறார். எது எப்போது என்று எதிராளி குழம்ப வேண்டும்.

சமநிலை உங்களைப் பணக்காரர் ஆக்காது. சுலபமாகக் கொள்ளை போகாமல் காக்கும், அவ்வளவுதான். பேரத்தில் எப்போதும் இறங்கிவருபவரிடம் யார்தான் நியாய விலை சொல்வார்கள்?