மெய்ப்பாடும் கூற்றும்: ஒரு சிறு விளக்கின் வரலாறு

2020-ஆம் ஆண்டு, ஊரடங்குக் காலம். பக்தி இலக்கியத்தை இணையவழியில் நடத்திக்கொண்டிருந்தேன். வருகைப் பதிவுக்காக எல்லோரும் ஒருமுறையாவது முகம் காட்டவேண்டும் என்பது விதி. ஒரு மாணவியின் கட்டம் மட்டும் இருண்டே கிடந்தது. பெயரைச் சொல்லி அழைத்ததும் ஏதோ அசைந்தது. கேமராவின் கண்மீது ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தபின் முகம் தெரிந்தது. "கேமராவை அணைத்து வைத்தாலே போதுமே, ஏம்மா பொட்டு?" என்றேன். "அணைஞ்சிருக்குன்னு அந்தப் பச்சை விளக்குதானே சார் சொல்லுது, அதை எப்படி நம்புறது?" என்றாள்.

அன்று என்னிடம் விடை இல்லை. அந்த விளக்கு எதனோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, அதை ஏற்றுவதும் அணைப்பதும் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். கணிப்பொறியின் வரலாற்றுக்குள் விளக்குகளுக்கென்று தனியாக ஒரு வரலாறு இருப்பது அப்போதுதான் தெரியவந்தது.

தமிழ் படித்தவனுக்கு அந்த வரலாறு இரண்டு சொற்களில் அடங்கிவிடுவதாகத் தோன்றுகிறது: மெய்ப்பாடு, கூற்று. உள்ளத்தில் நிகழ்வது நாம் வேண்டாமலே உடலில் வெளிப்படுவது மெய்ப்பாடு. மயிர் சிலிர்ப்பதையும் கண் கலங்குவதையும் தடுப்பது எளிதன்று. கூற்று அப்படியல்ல. ஒருவர் தேர்ந்து, ஒரு நோக்கத்தோடு சொல்வது அது. மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். தொடக்கக் காலக் கணிப்பொறிகளின் விளக்குகள் மெய்ப்பாடுகளாக இருந்தன. இடையில் எப்போதோ அவை கூற்றுகளாக மாறிவிட்டன.

*

1948-ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் தங்கள் சோதனைக் கணிப்பொறியை முதன்முதலில் வெற்றிகரமாக இயக்கினர். 'பேபி' என்று செல்லப்பெயர் பெற்ற அந்த இயந்திரத்தின் நினைவகமே ஒரு கேதோட் கதிர்க் குழாய்தான். 32 வரிகள், வரிக்கு 32 புள்ளிகள். குழாயின் முகப்பில் மின்னூட்டமாகத் தேங்கியிருந்த அந்தப் புள்ளிகளை இன்னொரு குழாயில் ஒளிப்புள்ளிகளாகப் பார்க்க முடிந்தது. கணக்கு முடிந்ததும் விடையையும் அங்கேயே படித்துக்கொண்டார்கள். அச்சிட்டுத் தருவதற்கு எதுவும் இல்லை. அந்த இயந்திரத்தின் நினைவைக் காண்பதும் அதன் விடையைப் படிப்பதும் ஒரே செயலாக இருந்தன.

பின்வந்த பெரிய கணிப்பொறிகளின் முகப்பில் வரிசை வரிசையாகச் சிறு குமிழ்விளக்குகள் பதிக்கப்பட்டன. 1962-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குப் புலப்படும் செந்நிற ஒளி தரும் டயோடை உருவாக்கிய பிறகு, இழை அறுந்துபோகும் குமிழ்களின் இடத்தை எல்இடி மெல்ல மெல்லப் பிடித்தது. 1975 ஜனவரி 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையை அலங்கரித்த ஆல்டேர் 8800 கணிப்பொறிக்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பில் சொடுக்கிகளும் சிவப்பு விளக்குகளும் மட்டுமே. முகவரிக் கம்பிகள் பதினாறுக்கும் பதினாறு விளக்குகள். தரவுக் கம்பிகள் எட்டுக்கும் எட்டு. கம்பியில் என்ன நிகழ்கிறதோ அதையே விளக்கு காட்டும். இடையில் மொழிபெயர்ப்பாளன் எவனும் இல்லை. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, பழகியவர்கள் அந்த விளக்குகளின் ஓட்டத்தை வைத்தே நிரல் சரியாக ஓடுகிறதா, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறதா என்று கண்டுகொண்டார்கள்.

முதல் நெகிழ்வு இதே காலத்தில்தான் நேர்ந்தது. டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தின் பிடிபி-11 இயந்திரங்களில் ஓடிய ஆர்எஸ்டிஎஸ், ஆர்எஸ்எக்ஸ் போன்ற இயங்குதளங்கள், செய்வதற்கு வேலை ஏதும் இல்லாதபோது முகப்பு விளக்குகளில் ஓர் அழகிய கோலத்தை ஓடவிட்டன. இயந்திரம் ஓய்ந்திருக்கிறது என்று இயக்குநருக்கு அறிவிக்கும் எளிய ஏற்பாடு அது. ஆனால் அறியாதவர் கண்ணுக்கு அது மிகச் சுறுசுறுப்பான இயந்திரமாகவே தெரிந்திருக்கும். விளக்கு ஓர் இயங்குதளத்தின் விருப்பப்படி பேசத் தொடங்கிவிட்டது. 1991-இல் திங்கிங் மெஷின்ஸ் நிறுவனம் வெளியிட்ட சிஎம்-5 என்னும் மீக்கணினியில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் கருநிறப் பலகைகளில் நிறைந்திருந்த செவ்விளக்குகளுக்கு, கணிப்போடு தொடர்பே இல்லாமல் பார்வைக்கு இனிமையாக மினுங்கும் முறை ஒன்றும் தரப்பட்டிருந்தது. 1993-இல் வெளியான 'ஜுராசிக் பார்க்' படத்தின் கட்டுப்பாட்டு அறையில் நாம் கண்டது அந்த இயந்திரத்தைத்தான்.

*

இன்று நம் மேசைமேல் இருக்கும் விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' விளக்கைப் பாருங்கள். அந்தப் பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிகிறது. ஆகவே பொத்தானுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கும் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படி ஒரு கம்பி இல்லை. 1981-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியின் விசைப்பலகையில் இந்த விளக்குகளே கிடையாது. பலகை பேசும், கணினி கேட்கும்; மறுமொழி செல்ல வழியில்லை. 1984-இல் வந்த பிசி ஏடி இருவழிப் பேச்சை ஏற்படுத்தியது. கூடவே மூன்று விளக்குகளும் வந்தன. பொத்தானை அழுத்தினால் செய்தி கணினிக்குப் போகிறது. அங்கே விசைப்பலகையின் இயக்கி, அதாவது டிரைவர் என்னும் நிரல், அதைப் பெற்று, 'இந்த விளக்கை ஏற்று' என்று திரும்ப ஓர் ஆணை அனுப்புகிறது. அதன்பிறகே விளக்கு எரிகிறது. கணினி உறைந்து நிற்கும்போது அந்தப் பொத்தானை அழுத்திப் பார்ப்பார்கள் அனுபவசாலிகள். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, மாறாவிட்டால் இல்லை.

லினக்ஸ் இயங்குதளம் இதை ஒரு கடைசிச் சொல்லாகவும் பயன்படுத்தியது. மீளமுடியாத பிழையில் அது வீழும்போது, திரையில் வரைகலைச் சூழல் இருந்தால் எழுத்தில் எதையும் காட்ட இயலாமல் போகலாம். அந்நேரத்தில் பழைய வகை விசைப்பலகைகளின் விளக்குகளை விட்டுவிட்டு மினுக்கியது. வாய் அடைத்தவன் கைகாட்டுவதுபோல.

2006-இல் ரிச்சர்ட் பர்டி என்ற நிரலாளரின் பணியால் லினக்ஸ் 2.6.17 பதிப்பில் விளக்குகளுக்கென்றே தனிப் பிரிவு ஒன்று சேர்ந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கோப்புறை. அதில் 'பிரைட்னஸ்' என்னும் கோப்பில் ஓர் எண்ணை எழுதினால் விளக்கு எரியும். சுழியம் எழுதினால் அணையும். 'டிரிக்கர்' என்னும் கோப்பில், இந்த விளக்கு எதற்காக எரியவேண்டும் என்பதையே மாற்றி எழுதலாம். வட்டின் இயக்கத்தைக் காட்டும் விளக்கை நொடியில் வேறொன்றைக் காட்டும் விளக்காக்கலாம். அந்தப் பட்டியலில் 'ஹார்ட்பீட்' என்று ஒன்று உண்டு. இதயத்தின் இரட்டைத் துடிப்புப்போல விளக்கு அடிக்கும். கணினியின் பளு கூடினால் துடிப்பும் விரையும். மெய்ப்பாடு மறைந்த இடத்தில், மெய்ப்பாட்டை நடித்துக்காட்டும் ஒரு கூற்று வந்து அமர்ந்துகொண்டது.

திரையின் நிறங்களுக்கும் இதுவே நேர்ந்தது. 1987-இல் வந்த விஜிஏ முறையில், 256 நிறப் படமொன்றின் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண் மட்டுமே. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது வேறோர் அட்டவணையில் இருந்தது. 2,62,144 நிறங்களிலிருந்து அந்த 256-ஐத் தேர்ந்துகொள்ளலாம். படத்தைத் தொடாமல் அட்டவணையை மட்டும் மாற்றினால் நண்பகல் அந்தியாகிவிடும். அந்தக் கால விளையாட்டுகளில் அருவி விழுந்ததும் தீ எரிந்ததும் பெரும்பாலும் இப்படித்தான். 2009-இல் வெளியான எஃப்.லக்ஸ் என்னும் நிரலும், பின்னர் 2016-இல் ஐபோனிலும் 2017-இல் விண்டோஸ் 10-இலும் சேர்ந்த இரவுநிற வசதிகளும், மாலையானதும் திரையை மஞ்சளாக்குகின்றன. அந்த மஞ்சள் திரையைப் படம்பிடித்துச் சேமித்துப் பாருங்கள். பெரும்பாலும் சேமித்த படத்தில் மஞ்சள் இராது. நாம் பார்த்த நிறம் படத்தில் இருந்ததன்று; கடைசிக் கணத்தில் பூசப்பட்டது.

*

இங்கே பழைய விளக்குகளை எண்ணி ஏங்குவது எளிது. ஆனால் மறைக்கத் தெரியாத உடலுக்கும் ஒரு விலை உண்டு. 2002-இல் ஜோ லோரி, டேவிட் அம்ஃபிரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தரவுத் தொடர்புக் கருவிகள் சிலவற்றில் விளக்கு தரவுக் கம்பியோடு நேராகப் பிணைக்கப்பட்டிருந்ததால், அதன் மினுக்கமே கம்பியில் போகும் செய்தியாக இருந்தது. நம் கண்ணுக்கு வெறும் நடுக்கமாகத் தெரிந்ததை, தகுந்த ஒளியுணர்வியைக் கொண்டு தொலைவிலிருந்தே எழுத்தெழுத்தாகப் படிக்க முடிந்தது. அந்த விளக்குகள் பொய் சொல்லவில்லை. சொல்லக்கூடாததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தன.

இயக்கியின் கட்டளைக்கு அடங்கிய விளக்கோ, சொல்லும்படி ஏவினால் எதையும் சொல்லும். நீல் ஸ்டீஃபன்சனின் 'கிரிப்டோனாமிகன்' (1999) நாவலில், சிறைக்குள் தன் மடிக்கணினித் திரை வேவுபார்க்கப்படுவதை உணர்ந்த நாயகன், விசைப்பலகையின் விளக்கை மோர்ஸ் குறிப்பில் மினுங்கச் செய்து தனக்கு வேண்டியதைப் படித்துக்கொள்கிறான். 2017-இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வலையோடு இணைக்கப்படாத கணினியிலிருந்தும் வட்டு விளக்கின் மினுக்கத்தின் வழியாக வினாடிக்கு 4,000 பிட் வரை கடத்தலாம் என்று செய்து காட்டினர். நாவலில் தப்பிக்க உதவிய வழி இங்கே களவுக்கு வழியாயிற்று.

*

இனி அந்தப் பச்சை விளக்கு. 2010-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டத்தின்மீது ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. மாணவர்களுக்குப் பள்ளி தந்த மடிக்கணினிகளின் கேமராக்கள், அவர்கள் வீட்டில் இருக்கும்போதும் தொலைவிலிருந்து இயக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டிருந்தன. கேமராவின் அருகே விளக்கு சில நேரங்களில் தானாக மின்னி மறைந்ததை மாணவர்கள் கவனித்திருக்கிறார்கள். கேட்டபோது, அது ஏதோ கோளாறு என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகக் கூறினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் 6,10,000 டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. விளக்கு உண்மையைத்தான் சொல்லியிருந்தது. சாட்சியை நம்பவேண்டாம் என்று சொன்னவர்கள் மனிதர்கள்.

மூன்றாண்டு கழித்து, 2013-இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மேத்யூ பிராக்கரும் ஸ்டீஃபன் செகோவேயும் எதிர்ப்பக்கத்தைக் காட்டினர். அவர்கள் ஆராய்ந்தவை 2008 காலத்து மேக்புக் மடிக்கணினிகள். அவற்றை வடிவமைத்தவர்கள் விளக்கை இயங்குதளத்தின் கையில் விடவில்லை. கேமரா உணர்வியை ஓய்வில் வைக்கும் கம்பியோடேயே விளக்கையும் பிணைத்திருந்தார்கள். உணர்வி ஓய்ந்தால் விளக்கு அணையும், விழித்தால் எரியும். பழைய மெய்ப்பாடேதான். ஆனால் கேமராவுக்குள் ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தி இருந்தது. அதன் நிரலைக் கணினியிலிருந்தே மாற்ற முடிந்தது. மாற்றப்பட்ட நிரல், ஓய்வுக் கம்பி சொல்வதைக் கேட்கவேண்டாம் என்று உணர்விக்குச் சொல்லிவிட்டது. கம்பி ஓய்வைச் சொன்னது, விளக்கு அணைந்திருந்தது, உணர்வி பார்த்துக்கொண்டே இருந்தது. இதற்கு நிர்வாகி உரிமைகூடத் தேவைப்படவில்லை.

பின்னாள் கணினிகளில், விளக்கு எரியாமல் கேமரா இயங்கவே முடியாதபடி அமைத்திருப்பதாக ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. எல்லா நிறுவனங்களின் கருவிகளும் அப்படியா என்பதை வாங்குகிறவர் பார்த்து அறிய முடியாது. 2020-இல் ஐபோனிலும் 2021-இல் ஆண்ட்ராய்டிலும் வந்த பச்சைப் புள்ளியோ, திரையில் மென்பொருள் வரைகிற புள்ளி, முழுமையான கூற்று. சொல்பவரை நம்பினால் சொல்லையும் நம்பலாம். அவ்வளவே.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது ஒரு விடை சொல்ல முடியும். விளக்கு பொய் சொல்கிறது என்றோ சொல்லவில்லை என்றோ பார்த்து அறிய வழியில்லை. அதன் பின்னால் இருப்பது கம்பியா நிரலா என்பதைப் பொறுத்தது அது. பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. பொட்டுக்குப் பின்னால் நிரல் எதுவும் இல்லை. அவள் படித்து முடித்துப் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. என் மடிக்கணினியின் கேமராமீது, வீட்டில் கேட்டு வாங்கிய கறுப்புப் பொட்டு ஒன்று இருக்கிறது.