சதி லீலாவதியும் தோட்டத்துக் கூலியும்

தமிழ் அறியாத ஒருவர் தமிழருக்குப் படம் எடுத்தார். அவர் எடுத்த படங்களைத் தமிழர் திரண்டு சென்று கண்டு களித்தனர். அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில் 1909-இல் பிறந்த எல்லிஸ் ஆர். டங்கன் என்பாரே அவர். தம் கல்லூரித் தோழர் மாணிக்லால் டண்டனின் அழைப்பை ஏற்று 1935-இல் இந்தியா வந்து, 1950 வரை பதினைந்தாண்டுகள் அங்கேயே தொழில் நடத்தி, அம்பிகாபதி, சகுந்தலை, மீரா, மந்திரி குமாரி முதலிய படங்களை இயக்கினார். அவருடைய வாழ்க்கையைக் கரண் பாலி என்பவர் 2013-இல், 'மதராஸில் ஓர் அமெரிக்கர்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு ஆவணப்படமாக்கினார். அயலார் ஒருவரின் உழைப்பை நன்றியோடு நினைவுகூரும் அம்முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயின், டங்கனின் பெயரைத் தமிழகத்துக்கு அறிமுகம் செய்த 'சதி லீலாவதி'யின் வரலாற்றைத் துருவிப் பார்ப்போமானால், அங்கே ஒரு கையல்ல, பல கைகள் தென்படும். தோட்டத்துத் தமிழராகிய நமக்கோ அக்கதையில் தனி உரிமையும் உண்டு. தனி மனக்குறையும் உண்டு.

அப்படத்தின் மூலம் எஸ். எஸ். வாசன் எழுதிய நாவல். 1928-இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கி, அதைத் தமிழ் இல்லங்கள் எதிர்நோக்கும் ஏடாக்கிய அதே வாசன்தான். பின்னாளில் 'சந்திரலேகா' எடுத்தவரும் அவரே. விகடனில் தொடராக வெளிவந்த அக்கதையைக் கோவை மருதாசலம் செட்டியாரின் மனோரமா பிலிம்ஸ் படமாக்க முன்வந்தது. நாடக மேடையில் பழுத்த அனுபவமுடைய எம். கந்தசாமி முதலியார் அதைத் திரைக்கேற்ப அமைத்தார். அவர் மகன் எம். கே. ராதா கதாநாயகர். கண்டியில் பிறந்த இளைஞர் ஒருவர் சிறு வேடமொன்றில், போலீஸ் இன்ஸ்பெக்டராக, முதன்முதல் திரையில் தோன்றினார், அவரே எம். ஜி. இராமச்சந்திரன். படம் 1936-இல் வெளிவந்தது.

வெளிவருமுன் ஒரு வழக்கு குறுக்கிட்டது. தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் 'பதி பக்தி' அந்நாளில் மேடையில் பெயர் பெற்ற நாடகம். (பேரறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் தமையனார் இப்பாவலர்.) அதுவும் அப்போது படமாகிக்கொண்டிருந்தது. குடியால் கெடும் குடும்பம், கெடுக்கும் நண்பன், பொறுத்திருக்கும் மனைவி என்று இரண்டிற்கும் உள்ள ஒற்றுமையைக் கண்ட எதிர்த்தரப்பார், எங்கள் கதையைத் திருடினீர்கள் என்று மன்றம் ஏறினர். வாசன் சாட்சி சொன்னார். என்ன சொன்னார் தெரியுமா? தம் நாவல், பாவலரின் நாடகம் ஆகிய இரண்டிற்குமே மூலம் ஓர் ஆங்கில நாவல்தான் என்று உள்ளதை உள்ளபடி உரைத்தார்! பிணக்குத் தீர்ந்தது, இரு படங்களும் வெளிவந்தன.

அந்த ஆங்கில நூல் திருமதி ஹென்றி உட் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்'. மதுவிலக்குக் கதைகளுக்கென ஸ்காத்லாந்து மதுவிலக்குச் சங்கம் வைத்த போட்டியில் நூறு பவுன் பரிசு பெற்று 1860-இல் வெளியான நாவல் அது. ஆங்கில நாட்டுக் குடிக்கொடுமையைச் சாடப் பிறந்த கதை, முக்கால் நூற்றாண்டு கழித்துச் சென்னையில் வேட்டியும் சேலையும் உடுத்தி உலவியது. இதில் நாம் நாணுவதற்கு ஒன்றுமில்லை. இராமகாதையை வடக்கிலிருந்து பெற்றதைக் குறையெனக் கருதாத புலவர்கள், மேற்கிலிருந்து ஒரு நல்ல கதை வந்தால் மட்டும் முகஞ்சுளிப்பானேன்? பெற்ற இடத்தை மறைப்பதே இழுக்கு. வாசன் மறைக்கவில்லை.

எமக்கு உறுத்துவது வேறு. ஆங்கில நூலுக்கு ஒரு வீட்டின் பெயர். தமிழில் வந்தவுடன் ஒன்று 'பதி பக்தி' ஆயிற்று. மற்றொன்று 'சதி லீலாவதி' ஆயிற்று. குடித்தவன் ஆண், பொருளை அழித்தவன் ஆண், துப்பாக்கியைத் தூக்கியவனும் ஆண். தலைப்பில் வைத்துப் போற்றப்படுவதோ பெண்ணின் கற்பு! அவன் திரும்பி வரும்வரை பொறுத்திருப்பது அவள் கடமை என்னும் பழைய பாடத்தை, மதுவிலக்கு என்னும் புதிய உறையில் இட்டுக் கொடுத்தார்கள்.

நிற்க. கதைக்கு வருவோம். கிருஷ்ணமூர்த்தி சென்னைச் செல்வன். தீய நண்பனால் குடிக்கு அடிமையாகிறான், பரத்தைமேல் மோகங்கொள்கிறான், மனைவிமேல் ஐயங்கொள்கிறான். வெறியில் தன் உற்ற நண்பனைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக எண்ணி இலங்கைக்கு ஓடி, அங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். டேன்ஸ்பரி குடும்பமோ ஆங்கில நாட்டு ஆலை முதலாளிக் குடும்பம். இத்தேயிலைத் தோட்டம் தமிழர் கைப்பட்டபின் கதையில் முளைத்தது. தமிழ்நாட்டில் வாழ வழியற்றுப்போனவன் போய்ச்சேரும் இடம் எது என்று கேட்டால், அக்காலத் தமிழ் வாசகருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. இலங்கை, மலாயா என்ற சொற்களே விடையாக இருந்தன. கங்காணி வழியாக ஆள் அனுப்பும் முறை 1938-இல் இந்திய அரசின் தடையால் நின்றது. படம் வந்தது அதற்கு ஈராண்டு முன்.

புராணப் படங்களே பெருகியிருந்த நாளில், தேவரும் முனிவரும் நடமாடிய அதே திரையில் ஒரு தோட்டக் கூலியைக் கொண்டுவந்து நிறுத்தியது சிறிய காரியமன்று. இதை மனமுவந்து ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால், அக்கூலி எப்படிக் கரையேறுகிறான்? புதையல் ஒன்று அவன் கையில் கிடைக்கிறது. நேர்மையாளனாகையால் அதை முதலாளியிடம் ஒப்படைக்கிறான். முதலாளி மனமுருகி அவனைத் தத்துப் பிள்ளையாக ஏற்கிறார்! பின்னர் அவன் சென்னை திரும்பிக் கொலைக்குற்றத்தில் சிக்குவதும், துப்பறிவோர் உண்மையை வெளியிட அவன் விடுதலையாவதும் கதையின் எஞ்சிய பகுதி. தோழர்களே, பால்மரக் காட்டில் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்ற நம் பாட்டன்மாரில் எத்தனை பேர் புதையல் கண்டார்கள்? எந்தத் துரை எந்தக் கூலியைப் பிள்ளையாக ஏற்றார்? தோட்டத்தைக் காட்டத் துணிந்த கதை, லயத்தில் இரண்டு நாழிகை தங்கக்கூடப் பொறுமையின்றி, பணக்காரன் பழையபடி பணக்காரனாக வேண்டும் என்ற அவசரத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. படத்தின் பிரதியோ இன்று இல்லை. தோட்டக் காட்சிகளை டங்கன் எவ்வளவு உயிரோடு அமைத்தார் என்று கண்ணால் கண்டு தீர்ப்புரைக்க நமக்கு வழியில்லை. கதையைக் குறித்தே பேசுகிறோம்.

இன்னொன்று. கிருஷ்ணமூர்த்தி குடியால் கெட்டுத் தோட்டத்துக்கு வந்தான். நம்மவர் பலர் தோட்டத்துக்கு வந்தபின் குடியால் கெட்டார்கள். மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை எல்லைக்குள்ளேயே, உரிமம் பெற்று, நடந்தது. சம்பளம் கொடுப்பதும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் ஒரே வேலிக்குள்! சேலம் மாவட்டத்தில் 1937-இல் மதுவிலக்கு வந்தது. அக்காற்று கடல் கடந்து நம் தோட்டங்களை எட்டவில்லை. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படங்காட்டிய இரவுகளில், குடிகாரன் திருந்துவதைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள் வீடு திரும்பும் வழியில் அதே கடையைக் கடந்துதான் போனார்கள்.

அக்கடையை எதிர்க்கக் கெடா மாநிலத் தொழிலாளர் புதையலுக்குக் காத்திருக்கவில்லை. போர் முடிந்தபின், பீடோங் வட்டாரத்து ஹார்வர்டுத் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர் அணிவகுத்தனர், கள்ளுக்கடையை மூடு என்றனர், குடித்தவரைக் கண்டித்தனர், கூலி உயர்வும் கேட்டனர். குடியை விடு என்று தொழிலாளிக்கு உபதேசிப்பதைப் பொறுத்துக்கொண்டவர்களால், தொழிலாளியே கடையை மூடச் சொல்வதைப் பொறுக்க முடியவில்லை. 1947-இல் தோட்டந்தோறும் காவலர் புகுந்தனர், பலர் சிறைப்பட்டனர். நம் கூலிமை அடுத்த டப்ளின் தோட்டத்தில் அவ்வாண்டு ஏப்ரலில் காவலர் சுட்டதில் தொழிலாளி ஒருவர் மாண்டார்.